தெரசாவின் முகம், தெரசா வரைந்தது

15 ஜனவரி 1984

இன்று பெண் பார்க்க வந்தவர்களும் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் அக்கா என் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள்மேல் தப்பில்லை. தர்மபுரி ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சில் வைத்து என் அம்மைத் தழும்பை எல்லாம் மூடிவிடுகிறார். போட்டோவில் வழவழவென்று யாரோ ஒருத்தி. அவளைப் பார்க்க வருகிறார்கள், நான் காபி கொண்டு போகிறேன்.

16 ஜனவரி

அம்மா வேறு ஸ்டுடியோ பார்க்கலாம் என்கிறாள். முப்பது வயசாச்சு. இன்னும் எத்தனை ஸ்டுடியோ?

21 ஜனவரி

எட்டாம் வகுப்பு டிராயிங் பீரியடில் உருவப்படம் பற்றிச் சொல்ல ஓவிய வரலாற்றுப் புத்தகம் எடுத்தேன். எனக்கே பாடமாகிவிட்டது. போட்டோ இல்லாத காலத்தில் ஐரோப்பிய ராஜாக்கள் பெண் பார்க்க ஓவியனைத்தான் அனுப்புவார்களாம். ஒரு ராஜா படத்தைப் பார்த்துச் சரி என்றுவிட்டு, பெண் நேரில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்தக் கூத்து!

அதே புத்தகத்தில் ஹாலந்துக்காரர் ஒருவர். வாலிபத்திலிருந்து கிழவனாகும் வரை கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்திருக்கிறார். தொங்கின கன்னம், உருளைக்கிழங்கு மூக்கு, ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது. அப்போ என் முகத்துக்கு மட்டும் என்ன?

29 ஜனவரி

வரைந்துவிட்டேன். ஒரு வாரமாக பீரோ கண்ணாடி முன்னால் வாட்டர் கலர். தழும்போடுதான். இனி மாப்பிள்ளை வீட்டுக்கு இதுதான் போகும் என்றேன். அம்மா அழுதாள். "உன்னைய நீயே கெடுத்துக்கறியேடி."

கத்திவிட்டேன். எவளோ ஒருத்தி மூஞ்சிக்காக நான் எதுக்கு அவமானப்படணும்? ஒவ்வொரு தடவையும் வலிக்குதே — அது யாருக்குத் தெரியுது?

30 ஜனவரி

கணக்கு டீச்சர் ஷகிலா என் படத்தைப் பார்த்துவிட்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி முறைக்கிறாய், அதை மட்டும் மாற்று என்றாள். மாற்றவில்லை.

9 பிப்ரவரி

படம் கடத்தூர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் ஒரு வாரம். பதில் இல்லை. அவசரப்பட்டுவிட்டேனோ?

19 பிப்ரவரி

வந்துவிட்டார்கள். ராஜப்பன், பஸ் கண்டக்டர். கூடத் தாயார் மட்டும். படத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னை நன்றாகவே பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. எடது கன்னத்துல கொஞ்சம் கம்மியா போட்டிருக்கீங்க."

உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். நிஜம்தான். வலது பக்கத் தழும்பையெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தவள், இடது பக்கத்தை நிழலில் போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன். என் கை எனக்கே தெரியாமல் செய்த வேலை. சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி வந்து ஒத்துக்கொண்டேன். அவரும் சிரித்துவிட்டார்.

"தெனம் பஸ்ஸு பூரா மூஞ்சியாப் பாக்கறவனுங்க நானு. உங்க மூஞ்சி எனக்குப் புடிச்சிருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். இது வேற அழுகை.

20 பிப்ரவரி

ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன்.

16 செப்டம்பர், கடத்தூர்

இன்று அவருக்கு லீவு. நாற்காலியில் உட்கார வைத்து வரைய ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் அசையாமல் இருந்தார். அப்புறம் முன்மண்டையைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "தெரசா, இங்க மட்டும் கொஞ்சம் முடி போட்டுடறியா?"

இவ்வளவு பேசின நான் என்ன செய்தேன்? போட்டேன். கொஞ்சம்தான்.