வலது கன்னம்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு மேனேஜர் வந்தாள். ஆறு வயது. வந்ததும் டியூப் லைட்டை அணைப்பாள், கதவு சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பாள், நாற்காலிகளை ஒரு முறை சுற்றி வருவாள். அதனால் எங்கள் பயிற்சி மையத்தில் அவளுக்கு நான் வைத்த பெயர். பேச்சு கிடையாது.

பத்து நாளாகத் தன் கன்னத்தில் தானே குத்திக்கொள்கிறாளாம். அம்மா அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் என் கையைப் பிடித்துத் தன் வலது கன்னத்தில் வைத்து அழுத்தினாள். ஆட்டிசக் குழந்தைகளில் இப்படி அழுத்தம் தேடுகிறவர்கள் நிறையப் பேர். அது கிடைத்தால் உடம்பு அடங்கும். கடிக்க ரப்பர் குழாய் கொடுத்தேன். தாடையை எப்படி அழுத்திவிடுவது என்று அம்மாவுக்குக் காட்டினேன் — காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை.

"அழுதா என்ன சார் பண்றது?"

"ஆரம்பத்துல அழுவா. பழகிடும்."

பக்கத்து அறையில் புதிதாக வந்திருக்கும் பேச்சுப் பயிற்சிப் பெண் அரை மணி நேரத்தில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். உள்ளே போனதிலிருந்து ஒரே கத்தல். "சைகை இல்லை, எதையும் கேட்கும் முயற்சி இல்லை" என்று அவள் அறிக்கையில் எழுதினாளாம். என்னுடையதில் "அழுத்தம் தேடுகிறாள்". ஏப்ரலிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து சேர்ந்து மதிப்பிட வேண்டுமாம். ஒரே படிவம், இரண்டு கையெழுத்து. பெரிய டாக்டரின் உத்தரவு. பதினான்கு வருஷமாகத் தனியாகத்தான் பார்க்கிறேன். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

குத்திக்கொள்வது பாதியாகக் குறைந்திருக்கிறது. "உங்க கைராசி சார்" என்றாள் அம்மா. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மதியம் பேச்சுப் பெண்ணிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

குழாயை இடது பக்கம் மட்டுமே கடிக்கிறாள். "இடது பக்க விருப்பம்" என்று குறித்துக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

மேனேஜர் வரவில்லை. காய்ச்சலாம். டாக்டர் காதைப் பார்த்தாராம், ஒன்றுமில்லையாம். வாயைத் திறக்க விடவில்லையாம்.

மார்ச் 27, வியாழன்

மறுபடியும் குத்துகிறாள், முன்பைவிட பலமாக. சாப்பாட்டைத் துப்புகிறாள். உணவின் பதம் பிடிக்கவில்லை என்று எழுதினேன். அழுத்துவதை மூன்று வேளையாக்கச் சொன்னேன். அம்மா முகம் வாடியிருந்தது. தூங்கி நாலு நாள் ஆகிறதாம்.

ஏப்ரல் 3, வியாழன்

முதல் கூட்டு மதிப்பீடு. வேண்டாவெறுப்பாகத்தான் போனேன்.

முதல் இருபது நிமிஷம் என்னுடையது. லைட்டை அணைத்தோம், மின்விசிறியை நிறுத்தினோம். அதன் இரைச்சல்தான் பக்கத்து அறையில் அவளைக் கத்த வைத்திருக்கிறது. ஊஞ்சலில் ஆட்டினேன். அவள் நிதானத்துக்கு வந்ததும் பேச்சுப் பெண் தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினாள். ஊதிவிட்டுப் பாட்டிலை மூடிக் காத்திருந்தாள். ஒரு நிமிஷம். மேனேஜர் வந்து அவள் கையைப் பிடித்துப் பாட்டில்மேல் வைத்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி ஊதியதும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அதே கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்தாள்.

"அழுத்தம் கேக்கறா" என்றேன்.

பேச்சுப் பெண் அழுத்தவில்லை. கையை அப்படியே வைத்திருந்தாள். பிறகு, மதிப்பீட்டுக்காக எடுத்த வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, குமிழி வேணும்னா கையைப் பிடிச்சு பாட்டில்ல வெக்கிறா, மூஞ்சியைப் பாக்கறா. இங்கயும் அதேதான் பண்றா. இது உடம்பு கேக்கறது இல்ல. நம்மகிட்ட ஏதோ சொல்றா."

எட்டு மாதம்கூட ஆகவில்லை படிப்பை முடித்து, எனக்கே பாடம். சுருக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "அவ வாய் நாறுது அண்ணா. உங்களுக்குத் தெரியலையா?" என்றாள்.

தெரிந்திருந்தது. ரப்பர் குழாயின் வாடை என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வலது கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ். தாடை எலும்புவரை இறங்கிவிட்டது. மயக்க மருந்து கொடுத்து இரண்டு பல்லை எடுத்தார்கள். பல் டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். பெரியவங்களே தாங்க மாட்டாங்க. யாருமே கவனிக்கலையா?"

கவனிச்சோமே. வாரா வாரம் கவனிச்சு எழுதி வெச்சேனே. இடது பக்க விருப்பமாம். பதம் பிடிக்கலையாம். என் கையையே எடுத்து வலிக்கிற இடத்துல வெச்சுக் காட்டினா. அதைப் போய் நான் —

மூணு வேளை. அவ அம்மா கையாலேயே.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலின் ஓரத்தில் அம்மா. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் படியேறினேன். அவள் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"நீங்க சொன்னபடி ஒரு வேளைகூட விடல சார். கையைத் தட்டித் தட்டி விடுவா. நான் அவ தலையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அழுத்துவேன். பழகணும்ல."

குற்றம் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னாள். என் தப்பு என்று சொன்னேன். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. போர்வையை இழுத்துவிட்டாள். மேனேஜர் என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தலையணையில் மறைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதிப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். "தவறாகப் புரிந்துகொண்டேன்னு போடணுமா? கொஞ்சம் மாத்தி எழுதலாமே" என்றார். மாற்றவில்லை. வீராப்பு ஒன்றும் இல்லை. வேறு வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

பேச்சுப் பெண் வாசலில் நின்றாள். "சைகை இல்லைன்னு எழுதினது நான்தானே அண்ணா. அதை நம்பித்தானே நீங்க..." என்றாள். அவளை நம்பி நான் எதையும் எழுதவில்லை. அவள் அறிக்கையை நான் படித்ததுகூட இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

மேனேஜர் திரும்பி வந்தாள். கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது. அம்மா தெளிவாக இருந்தாள். "இப்ப ரொம்ப சமத்து சார். அடிச்சுக்கறதே இல்ல. அழறதும் இல்ல."

லைட் எரிந்துகொண்டே இருந்தது. அவள் அணைக்கவில்லை. நானே எழுந்து போய் அணைத்தேன்.

பேச்சுப் பெண் குமிழி ஊதினாள். பாட்டிலை மூடிக் காத்திருந்தாள். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். ஏழு நிமிஷம். மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 13, செவ்வாய்

இன்றும் குமிழி கேட்கவில்லை. வந்துவிடும், குழந்தைதானே? யாரைக் கேட்கிறேன்?

மே 20, செவ்வாய்

கூட்டு மதிப்பீட்டின் கடைசி நாள். ஊஞ்சல், ஏணி, குமிழி எல்லாம் செய்தாள். சொன்ன இடத்தில் நின்றாள். வழக்கம்போல அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம்.

கிளம்பும்போது ஒரு காலைச் சாய்த்து நடப்பது போலத் தோன்றியது. உட்கார வைத்து ஷூவைக் கழற்றினேன். உள்ளே ஏதோ பாட்டிலின் தகரமூடி ஒன்று, விளிம்பு மேலே பார்த்தபடி. சாக்ஸ் குதிகாலோடு ஒட்டியிருந்தது. ஈரமாக இருந்தது. உரித்தபோதும் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். யார் கையையும் அவள் பிடிக்கவில்லை.

பேச்சுப் பெண் காயத்தைத் துடைத்தாள். அம்மா, "காலையில வீட்லதான் போட்டு விட்டேன், எட்டு மணிக்கு" என்றாள், இரண்டு தடவை.

அவர்கள் போன பிறகு படிவத்தை எடுத்தேன். பதினேழாவது கேள்வி: வலியைத் தெரிவிக்கிறாளா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். இரண்டையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் "மார்ச்சில் தெரிவித்தாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேச்சுப் பெண் படித்துப் பார்த்தாள். என்னிடமிருந்து பேனாவை வாங்கி, கீழே அவளும் போட்டாள்.