பெட்டிசத்தின் கடைசி வரி

1937, வெள்ளி இரவு.

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் விறாந்தையில் மேசை போட்டுப் பெட்டிசத்துக்குக் கையெழுத்து வாங்கினேன். 'மேன்மை தங்கிய தேசாதிபதி அவர்களுக்கு' என்று பிரிட்டிஷ் கவர்னரை விளித்துத் தொடங்குகிறது. பிரிட்டன் பலஸ்தீனைத் துண்டாடிச் சியோனிஸ்டுகளுக்குத் தனிநாடு கொடுக்கக் கூடாது என்று கண்டி முஸ்லிம்கள் கேட்கிறோம். இங்கிலீஷில் எழுதியது நான்தான். கோட்டு வாசலில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் காணி வழக்குக்காரருக்கு எழுதிப் பழகிய கை.

அலவத்துகொடயில் தையல் கடை வைத்திருக்கும் காசிம் நானா பெருவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்துவிட்டு, "கடைசி வரியில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

எல்லாப் பெட்டிசத்துக்கும் நான் போடுகிற முடிவுதான். தமிழில் சொன்னேன்: தங்கள் நீடித்த ஆயுளுக்காக என்றும் பிரார்த்திப்போம்.

"இப்பதானே தம்பி உள்ளுக்கு பலஸ்தீன் சனத்துக்காக அழுது துஆ கேட்டோம். அவங்கட காணியப் பிரிக்கிற கவர்மெண்டுக்கும் நானே கேக்கணுமா?"

எனக்கு எரிச்சல் வந்தது. "அது வழக்கம் நானா. அந்த வரிய ஆரும் வாசிக்கிறதில்ல."

"அப்ப மத்த வரியெல்லாம் வாசிப்பாங்களா?"

கிழித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் கடைகளுக்குப் போய்விட்டார்கள். அப்படியே தபாலில் சேர்த்துவிட்டேன்.

இரவு இஷா தொழுதுவிட்டு பலஸ்தீனுக்காகக் கையேந்தினேன். யா அல்லாஹ் என்று தொடங்கினேன். அடுத்து வாயில் வந்தது, 'மேன்மை தங்கிய'.