முதல் தட்டு மூன்றைத் தாண்டாது

ஏலகிரி அறையை இன்று காலி செய்துவிட்டேன். மழை ஓட்டு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கதவைத் திறந்ததும் ஊறிய தோலின் நாற்றம் முகத்தில் அடித்தது. வெளியூர்க்காரராக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார். நான் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். உன் சேலையில், டிபன் பையில், சர்ச்சில் நீ பிடித்திருந்த பாட்டுப் புத்தகத்தில்கூட இந்த நாற்றம்தான் இருக்கும். எவ்வளவு பவுடர் போட்டாலும் போகாது. நீ போன பிறகு அது இருந்த ஒரே இடம் இந்த அறைதான். அதையும் இன்று விட்டாயிற்று.

வீட்டுக்காரர் அங்கே காட்டேஜ் கட்டப் போகிறாராம். "வேணுங்கறத எடுத்துக்கினு போங்கம்மா, மிச்சத்த நான் கொளுத்திடுறேன்" என்றார். வேண்டியது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதையெல்லாம் தீர்மானிக்கிறவள் நீதானே.

ஷூ கம்பெனியில் நம் சாம்பிள் செக்ஷனை இழுத்து மூடியபோது நான் அழுதேன், நீ அழவில்லை. தோல் வெட்டுகிற கத்தியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள், பெங்களூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வேறு ஆளாகத் திரும்பினாய். அங்கே ஜனங்கள் காசு கொடுத்து ஓர் அறைக்குள் பூட்டிக்கொள்கிறார்கள், ஒளித்துவைத்த சங்கேதங்களை அவிழ்த்துத்தான் வெளியே வர வேண்டும் என்று கண்கள் விரியச் சொன்னாய். "இன்னாடி பாக்குற? இத்தினி வருஷம் நம்மள உள்ள பூட்டி வெச்சிக்கினு கம்பெனி சம்பளம் குடுத்துச்சி. இங்க பூட்டிக்கிறவனே குடுக்குறான். லாபம் நமக்குத்தான்!" நான் சிரித்தேன். நீ விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது, ஏலகிரியில் அறை பார்த்துவிட்டு வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

தோலை வைத்தே எல்லாவற்றையும் செய்தாய். நீளமான தோல் வாரைச் சப்பாத்திக் கட்டையில் சுற்றி, மேலே வரிசையாக எழுதி, அவிழ்த்து ஆணியில் தொங்கவிடுவாய். அவிழ்த்த வாரில் எழுத்துகள் உதிரியாகக் கிடக்கும். அதே பருமனுள்ள கட்டையைத் தேடிச் சுற்றினால்தான் வாக்கியம் வரும். அடுப்பங்கரைச் சாமான்களுக்கு நடுவே அந்தக் கட்டை கண்ணெதிரிலேயே கிடக்க, சென்னைக்காரர்கள் அலமாரியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு சுவரில் ஓர் ஆட்டுத் தோல். அதன் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். சுண்ணாம்பிலும் சாயத்திலும் மசி நிற்காது என்பதால், தோல் பதனிடுகிற ஷாப்பில் லாட் நம்பரை ஓட்டையாகத்தான் குத்துவார்கள். அதை எண்ணினால் நம்பர் பூட்டு திறக்கும். ஆம்பூரிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ யாராவது தோல் வேலைக்காரர்கள் வந்துவிட்டால் நமக்குத் தொல்லைதான். நேராக அந்தத் தோலிடம் போய், தடவிப் பார்த்து, பூட்டைத் திறந்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று கேட்பார்கள். நீ கேமரா திரை முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வாய்.

கடைசிப் புதிருக்குத்தான் அதிகமாக மெனக்கெட்டாய். வந்தவர்களில் பாதிப் பேர் உள்ளறையில், பாதிப் பேர் வெளியறையில். நடுவில் சுவர். பேச முடியாது, தட்டலாம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ராகம் போட்டுச் சொன்னதைத்தான் கட்டமாக்கினாய்: வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு எழுத்து. முதலில் தட்டுவது எந்த வரிசை, அடுத்துத் தட்டுவது அதில் எத்தனையாவது எழுத்து. ஒன்று தட்டி, விட்டு, ஐந்து தட்டினால் ப. "உயிரெழுத்து?" என்று கேட்டேன். "அத அவங்களே போட்டுக்கட்டும்" என்றாய்.

அந்தத் தட்டு நம் இரண்டாவது பாஷையாகிவிட்டது. பிரசங்கம் நீண்டால் என் முழங்கையில் ப, ச என்று தட்டுவாய். பசி. மலையேறும் பஸ்ஸில், முன் சீட்டில் இருப்பவரின் கொண்டை ஊசி கழன்று தொங்குவதைத் தட்டிச் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஜன்னலைப் பார்ப்பாய். சிரிப்பை அடக்க முடியாமல் நான்தான் மாட்டிக்கொள்வேன்.

ஒரு முறை ஒரு குடும்பம் தப்பாகத் தட்டிக் குழப்பிக்கொண்டது. அப்பாக்காரர் வேண்டாத எழுத்தைத் தள்ளி, வேண்டியதைச் சேர்த்து, "இதுதான் விடை" என்று சாதித்தார். மைக்கில் சிரித்துக்கொண்டே பேசினாய். மைக்கை அணைத்த பிறகு என்னிடம் சொன்னாய்: "சாவிய நாமளே செஞ்சிக்கினா பூட்டு எத வேணா சொல்லும்டி. அது புதிர் இல்ல, பொய்." அந்த வாக்கியம் இப்படி என் கழுத்தில் வந்து உட்காரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுகிறேன் என்று ஸ்டூலில் ஏறியவள் சரிந்தாய். வேலூர் ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது உன் வலது பக்கம் உன்னுடையதாக இல்லை. பேச்சு இருந்தது, சொற்கள் இடம் மாறியிருந்தன. தண்ணீரைக் காட்டி "ஜன்னல்" என்றாய். நான் பயப்படவில்லை, தெரியுமா? உள்ளுக்குள் ஒரு துள்ளல்கூட வந்தது. ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்ட சங்கேதம், இது நம்ம வேலை, உடைத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அதே தண்ணீரைக் காட்டி "பொத்தான்" என்றாய். அதற்கு அடுத்த நாள் "அத்தை". நான் புரியாமல் விழிப்பதைப் பார்த்து உனக்குக் கோபம் வந்தது. நீ கோபத்தில் சொன்னதும் வேறு ஏதோ சொல்லாக வந்தது. சாவியைத் தினமும் மாற்றுகிறவளிடம் நான் என்ன செய்வேன்?

பிறகு பேச்சும் நின்றது. இடது கை மட்டும் மிச்சம். அந்தக் கை ஒரு மத்தியானம் என் உள்ளங்கையில் தட்ட ஆரம்பித்தது.

உன் கணவரைக் கூப்பிட்டேன், "அவ பேசுறாண்ணே, பேசுறா" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் ஓடி வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். இரண்டு, விட்டு, ஐந்து. ம. அடுத்தது வரும் என்று காத்திருந்தேன். நான்கு தட்டினாய். முதல் தட்டு மூன்றைத் தாண்டாது, வரிசையே மூன்றுதான். நீ போட்ட சட்டம் அது. எண்ணியதில் பிசகிவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி ஐந்து. பிறகு ஏழு. வேறு இடத்தில் பிரித்துப் பார்த்தேன், பின்னாலிருந்து படித்தேன், தமிழை விட்டு இங்கிலீஷுக்குப் போனேன். உன் கண்கள் என்னை விட்டு அசையவில்லை. எனக்குப் புரிந்துவிடும் என்று அவ்வளவு நிச்சயம் அவற்றில். அந்தப் பார்வையை யாருக்காவது கொடுத்துவிட முடியுமானால் இன்றே கொடுத்துவிடுவேன்.

டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். எண்ணுகிற இடமும் அடிபட்டிருக்கலாம், வெறும் நரம்புத் துடிப்பாகவும் இருக்கலாம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இரண்டு நாள் தட்டினாய். பிறகு கை என் கையிலேயே கனத்துப்போயிற்று.

அடக்க ஆராதனையில், "மனுஷனுக்குப் புரியாதது கர்த்தருக்குப் புரியும்" என்றார் பாஸ்டர். புரிந்தால் சந்தோஷம். எனக்கு எப்போது சொல்வதாக உத்தேசமாம்?

உன் மகள் ஜெனி துபாயிலிருந்து வந்து சேர்ந்தபோது உன்னைப் பெட்டியில் வைத்தாயிற்று. அவள் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. இந்த லீவுக்கு வந்தவள், அறையைக் காலி செய்ய நானும் வருகிறேன் என்று இன்று என்னோடு மலையேறினாள். தோல் வார்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அப்போது, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அம்மா கடைசியா இன்னா சொன்னாங்க ஆன்ட்டி?"

"தெரியலம்மா."

"அப்பா சொன்னாரு, உங்க கையில தட்டுனாங்களாமே."

"தட்டினா. எனக்குத்தான் படிக்கத் தெரியல."

"நான் நர்ஸு ஆன்ட்டி. இந்த மாதிரி பேஷண்ட்ட தெனம் பாக்குறேன். அதுல ஒண்ணும் இருந்திருக்காதுன்னு எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் வாரைச் சுருட்டினாள். பிறகு, "ஒரு பொய்யாச்சும் சொல்லுங்களேன்" என்றாள்.

சொல்லியிருக்கலாம். 'ம' ஒன்று நிஜமாகவே வந்ததே. மகள் என்றால் ம, க, ள. மீதி இரண்டு எழுத்தைத் தட்டிப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஜெனியே அந்த அறையில் லீவு நாளெல்லாம் வளர்ந்தவள், கட்டம் அவளுக்கும் மனப்பாடம், நம்பியும் இருப்பாள். வாயைத் திறந்தேன். சாவியை நானே செய்கிறேன் என்று தெரிந்தது. உன் குரல் கேட்டது, வாயை மூடிக்கொண்டேன். பாவி, செத்த பிறகும் ஒரு பொய் சொல்லக்கூட நீ என்னை விடவில்லை.

அவள் உள்ளங்கையை நீட்டினாள். "அப்பொ, அவங்க தட்டுன மாதிரியே தட்டுங்க."

தட்டினேன். நீ எங்கே நிறுத்தினாயோ அங்கே நிறுத்தி, எங்கே அழுத்தினாயோ அங்கே அழுத்தி. அது எனக்கு மறக்கவே இல்லை. ஜெனியின் உதடுகள் எண்ணின. 'ம' வந்தபோது அவள் முகம் நிமிர்ந்தது. நான்கு வந்ததும் புருவம் சுருங்கியது. ஏழில் எண்ணுவதை விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவள் முகத்தில் பார்த்தேன். அவள் வெகுநேரம் கையை மூடவே இல்லை.

"மறுபடியும் தட்டுங்க ஆன்ட்டி" என்றாள்.

மறுபடியும் தட்டினேன்.

தோல் வார்களை அங்கேயே விட்டுவிட்டோம், சப்பாத்திக் கட்டையையும். வீட்டுக்காரர் கொளுத்தட்டும். இறங்குகிற பஸ்ஸில் ஜெனி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஜன்னல் கம்பியில் என் விரல் தட்டிக்கொண்டே வந்தது, இரண்டு, ஐந்து, நான்கு, ஐந்து, ஏழு. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. முன் சீட்டுப் பெண் திரும்பி, "இன்னாங்க, கூப்ட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.