கல்யாணப் போட்டோ இருந்த சட்டம்

ஏசுராஜ் உப்பளத்திலிருந்து சாப்பிட வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும். அன்னமேரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் புருஷனுக்கு எழுதினாள்.

"சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்குது. குழம்ப சுட வச்சுக்குங்க. நான் கீழ்புத்துப்பட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். உங்க தூண்டிலப் பாக்கணும்னு பாண்டியிலருந்து ஒருத்தர் நாலு மணிக்கு வர்றாராம்."

நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். மீன் பிடிக்கும் முள்ளில் கோழி இறகும் ஜரிகை நூலும் சுற்றி அவன் கையாலேயே கட்டியவற்றில் மிக நல்ல பதினாலு தூண்டில்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. உப்புக்காற்றில் துருப்பிடிக்காதிருக்க ஒவ்வொரு முள்ளிலும் எண்ணெய் தடவியிருந்தான். ஆறு வருடத்துக்கு முன்புவரை அது அவர்களுடைய கல்யாணப் போட்டோ இருந்த சட்டம். பின்னால் பலகை அடித்துப் பெட்டியாக்கிக்கொண்டான். போட்டோவை இன்று காலையில்தான் பரண்மேல் பழைய வலைக்கு அடியில் பார்த்தாள்.

பேனாவை அழுத்தி எழுதினாள்.

"போட்டோவுக்கு வேற சட்டம் வாங்கி மாட்டிடலாம்னு சொன்னீங்க. என் மூஞ்சிய பூச்சி தின்னுடுச்சு. உங்க மூஞ்சி அப்படியே இருக்குது. மேஜை மேல வச்சிருக்கேன். வர்றவருகிட்ட அதையும் காட்டுங்க."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"சாவி எதிர்வீட்டுல குடுத்திருக்கேன். இறகுல பூச்சி விழக்கூடாதுன்னு அந்தப் பெட்டிக்குள்ள மாசாமாசம் அந்துருண்டை மாத்துனது நான்தான். இன்னைக்கும் மாத்திட்டேன். அடுத்த மாசத்துலருந்து நீங்க மாத்திக்குங்க."