பலூன்மேல் ஒரு முகம்

ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன்னை நம்பித்தானே என் மகள் சுண்டெலியை உன்னிடம் விட்டுவிட்டு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறேன்? காய்ச்சல் விட்டதா என்று கேட்டால், "சித்தி முட்டை அட்டையில முதலை பண்ணிக் குடுத்தாங்கம்மா" என்கிறாள். சாப்பிட்டாயா என்றால், "சித்தி உருளைக்கிழங்கை வெட்டி அச்சுப் போட்டாங்க." பேச்சுக்குப் பேச்சு சித்திதான். நான் அனுப்பிய வண்ணப் பெட்டியைத் திறந்தாளா, இல்லையா? பள்ளிக்கூடத்தில் நீ டிராயிங் டீச்சர், சரி. வீட்டிலுமா?

கோபமில்லை. பொறாமைதான்.

உன் அக்கா

ஜனவரி 17

அன்புள்ள அக்கா,

பொறாமைப்பட உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? அந்த முதலைக்கு வால்கூட நிற்கவில்லை. உன் பெட்டியை அவள் திறக்கவே இல்லை. "தீந்துடும் சித்தி" என்று தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறாள். நான் வாங்கித் தந்த கலரைத்தான் தண்ணீராக இறைக்கிறாள்.

இப்போது பள்ளிக் கண்காட்சிக்காக அவளுடைய மூன்றாம் வகுப்புக்கு முகம் செய்யும் வேலை. ஊதிய பலூன்மேல் செய்தித்தாள் துண்டுகளைப் பசை தடவி ஒட்டி, காய்ந்ததும் பலூனைக் குத்திவிட்டு வண்ணம் தீட்ட வேண்டும். 'ரொம்பப் பிடித்தவர் முகம்' என்பது தலைப்பு. நம்மவள் யாரைச் செய்கிறாள் என்று இப்போது சொல்ல மாட்டேன். கண்காட்சி தொடங்கியதும் போட்டோ அனுப்புகிறேன்.

அன்புடன்,
தங்கை

பிப்ரவரி 6

தங்கைக்கு,

போட்டோ வந்தது. நம் இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. சின்ன வயதில் உனக்கு விழ வேண்டிய அடியெல்லாம் எனக்கு விழுந்திருக்கிறது. ஆனால் வலது கன்னத்து மச்சம் உனக்கு மட்டும்தான். அந்த முகத்தில் அதை மிளகு மாதிரி வைத்திருக்கிறாள். வயிறு பற்றி எரிகிறதடி. பெற்றவளுக்கே அதை அனுப்ப உனக்கு எப்படி மனசு வந்தது?

பரீட்சை முடிந்ததும் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இங்கே பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டேன்.

அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, "அசையாதீங்க சித்தி, மூக்கு கோணிக்கும்" என்று அதட்டி அதட்டித்தான் செய்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உனக்குப் போட்டோ அனுப்பியபோது கர்வம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கண்காட்சியில் முகங்களின் முன்னால் செய்த குழந்தைகளின் பெயர் மட்டும்தான் ஒட்டியிருந்தோம். நேற்றுச் சுவரிலிருந்து கழற்றும்போது அவள் செய்ததைப் பின்பக்கம் திருப்பினேன். 'எங்க அம்மா' என்று சிவப்பில் எழுதியிருந்தது. உன் பெட்டியின் சிவப்பு. அதற்காக மட்டும் திறந்திருக்கிறாள்.

"என்னைப் பாத்துத்தானேடி செஞ்சே?" என்றேன்.

"அம்மாதான் இங்க இல்லையே சித்தி. நீங்க அம்மா மாதிரியே இருக்கீங்கல்ல, அதான்."

"அப்ப மச்சம்?"

"கண்ணு முன்னாடி இருந்துச்சா, வெச்சுட்டேன்."

இப்போது யாருக்கு வயிறு எரிய வேண்டும், நீயே சொல்.

வந்து கூட்டிக்கொண்டு போ. துணிமணியைத் துவைத்து மடித்து வைக்கிறேன். மாத்திரையை முழுசாக விழுங்க மாட்டாள், பொடித்துக் கொடு. அந்த முகத்தை மட்டும் கேட்காதே. முகம் உன்னுடையதுதான். மச்சம் என்னுடையது.

தங்கை