பெட்ரோல் பங்க்கில் திரும்பிய கார்

என் அருமைப் பெரியவனுக்கு,

எல்லாரும் நலம் என்று மொட்டையாக எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் அம்மா முழு நலம், நான் முக்கால் நலம் என்று எழுதுகிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள்? போனை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள், அந்தப் பக்கம் மருமகள் இருப்பாள், இந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே வர நீ விமான டிக்கெட் போடுகிறேன் என்றபோதெல்லாம் லீவு இல்லை என்றேனே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

போன மாதம் எங்கள் டிரைவிங் பள்ளியில் ஒரு கூத்து. என்னிடம் கற்றுக்கொண்ட பேங்க் கேஷியரம்மா லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனார். நேராகப் போகச் சொன்னால், அந்தம்மா அழகாக இண்டிகேட்டர் போட்டு பெட்ரோல் பங்க்குக்குள் திருப்பி, கழிப்பறை வாசலில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டார். ஏன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "எங்க சார் எப்பவும் இங்கதான் நிறுத்தச் சொல்வாரு" என்றாராம். ஃபெயில். முதலாளி என்னைக் கூப்பிட்டு விசாரித்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு பாடம் முடிவதற்குள் எனக்கு அவசரம் வந்துவிடும், போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதனால் எல்லாப் பாடத்தையும் பங்க் வழியாகவே வைத்திருந்தேன். பெரிய புத்திசாலி மாதிரி காலையிலிருந்து தண்ணீரையும் நிறுத்திவிட்டு, தொண்டை காய்ந்தால் டீ குடித்துக்கொண்டேன். கடைசியில் எரிச்சல், குளிர் காய்ச்சல். உன் அம்மா தரதரவென்று டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

எத்தனையோ எஞ்சினைத் திறந்து பார்த்தவன் நான், என் உடம்புக்குள் இப்படி ஒன்று இருப்பது தெரியாது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி, சின்ன எலுமிச்சம்பழம் அளவில் ஒரு சுரப்பி, புராஸ்டேட் என்று பெயர். ஆண்களுக்கு வயதாக ஆக அது பருத்துக் குழாயை நெருக்குகிறதாம். ஹார்மோன்தான் வளர்க்கிறது என்றார் டாக்டர். நான் விடவில்லை, "வயசானா ஹார்மோன் குறையும்னுதானே சொல்றாங்க, குறையறது எப்படி டாக்டர் வளர்க்கும்?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தத்தில் குறைந்தாலும் அந்தச் சுரப்பிக்குள்ளே ஆண் ஹார்மோன் இன்னும் வீரியமான ஒன்றாக மாறி வேலை செய்துகொண்டே இருக்கிறதாம். போதாததற்கு வயிற்றுக் கொழுப்பு ஆண் ஹார்மோனில் கொஞ்சத்தைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறதாம், அதுவும் சுரப்பி வளரத் துணை போகிறதாம். முழுக் கதையும் இன்னும் யாருக்கும் தெரியாது என்று அவரே ஒத்துக்கொண்டார். தொப்பைக்கு இப்படி ஒரு தொழில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். உன் அம்மா அன்றிலிருந்து அதை ஃபேக்டரி என்றுதான் சொல்கிறாள்.

தண்ணீரை நிறுத்தியதுதான் பெரிய தப்பு. சிறுநீர் கெட்டியாகி, உள்ளேயே தங்கி, கிருமிக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது. டீயோ சிறுநீர்ப்பையை இன்னும் உசுப்பிவிடுமாம். தும்மலுக்கு நானாகக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரைகூடக் குழாயை இறுக்குமாம், பார். சாப்பாட்டால் மட்டும் சுரப்பி சுருங்கிவிடாது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள், பயப்படும்படி ஒன்றுமில்லை. இப்போது பகல் முழுக்கத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறேன், மதியத்துக்கு மேல் டீ கிடையாது, உப்பையும் பொரித்ததையும் குறைத்து, காய் பழம் கூட்டி, மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். எது என்ன செய்கிறது என்று கவனிப்பதே எனக்கு நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. ஒரு பாடம் முழுக்கத் தாங்குகிறேன். கேஷியரம்மாவை வேறு ரோட்டில் ஓட்ட வைத்தேன், இந்தத் தடவை டெஸ்டில் பாஸ்.

லீவு எப்போதும் இருந்ததடா. விமானத்தில் ஜன்னலோரம் பெல்ட் மாட்டி உட்கார்ந்து, எழுந்திருக்காதே என்று விளக்கும் எரிந்தால் என்ன செய்வேன் என்ற பயம்தான். "வர இஷ்டமில்லன்னா சொல்லிடுங்கப்பா" என்று நீ கடைசியாகச் சொன்னது நெஞ்சிலேயே நிற்கிறது. இஷ்டமில்லாமல் இல்லை. நீயும் வேலை மும்முரத்தில் அடக்கிக்கொண்டு உட்காராதே, வயதாகும்போது ஏதாவது தெரிந்தால் என்னைப்போல் வெட்கப்பட்டுக்கொண்டு கிடக்காதே.

மூவரும் நீடூழி நன்றாக இருங்கள். டிக்கெட் போடு, மறக்காமல் நடைபாதை ஓரத்து சீட்டாக, கழிப்பறைக்குப் பக்கத்தில். பேத்தியைத் துணி கட்டாமல் என் மடியில் கொடுங்கள், நனைத்தால் நனைக்கட்டும். அப்படித் தாராளமாகப் போவதன் அருமை இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
பெட்டியைத் தூசி தட்டி வைத்திருக்கும்
உன் அப்பா