முத்திரையிட்ட மதிப்பெண்

செரெஸ் குறுங்கோள், பனித்துளை நிலையம்
நாள் 212, 09:10
உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறில், மனச்சோர்வை அளக்கும் கேள்விகளின் அளவுகோலைத் தமிழாக்கியிருக்கிறேன். அது சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் சோதனை இன்று தொடங்குகிறது. நோயாளி ஒருவரே: துளையிடும் சவரிமுத்து. மாதிரி எண்ணிக்கையைக் கேட்டால் பூமியில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மதிப்பிடுபவர்கள் நானும், 'இணை' என்று நாங்கள் அழைக்கும் நிலையக் கணினியும். தனித்தனியாகப் பேட்டி. ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாமல் முத்திரையிடப்படும். சோதனை முடிந்தால்தான் திறக்கும். உயிருக்கு ஆபத்தென்றால் நடுவிலேயே திறக்கலாம் என்ற விதியை நான்தான் நீக்கினேன். இருப்பதே இரண்டு பேர். முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

நாள் 219, 10:30
போன மாதம் தூங்காமல் பாடிக்கொண்டே நான்கு பேர் வேலையைச் செய்தவர், இப்போது அடங்கிவிட்டார். எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லை. "ஒரு கொறையும் இல்ல டாக்டரம்மா. நீங்க சாப்ட்டியளா?" என்றார். என் தமிழாக்கம் சுத்தமாகப் போய்ச் சேர்கிறது. பூரித்துப்போனேன். வாழ விருப்பமின்மை என்ற கேள்விக்கு நான் போட்ட மதிப்பெண்: பூஜ்யம்.

நாள் 226, 10:40
தட்டில் சாப்பாடு அப்படியே. தூக்கம் பற்றிக் கேட்டதும் சிரித்தார். எனக்கு உறுத்தியது. நீ என்ன போட்டாய் என்று இணையைக் கேட்டேன். "முத்திரையிடப்பட்டது" என்றது. நான் வைத்த விதி, நானே மீறுவதா என்று விட்டுவிட்டேன். பூஜ்யம்.

நாள் 227, 07:05
வெளிக்கதவு திறந்திருக்கிறது. அவருடைய விண்உடை கொக்கியிலேயே தொங்குகிறது.

நாள் 227, 15:20
நோயாளி இல்லை, எனவே சோதனை முடிந்தது என்று முத்திரை தானே திறந்துகொண்டது. வாழ விருப்பமின்மைக்கு இணை இரண்டு முறையும் உச்ச மதிப்பெண் போட்டிருக்கிறது. ஒலிப்பதிவில் அவர் குரல்: "வெளிய பனியில போய்ப் படுத்துட்டா நிம்மதின்னு தோணுது. டாக்டரம்மாட்ட சொல்லிராத. கேட்டா சங்கடப்படுவாவ."
வைத்தியர் மனம் நோகக்கூடாது என்று நோயாளி பொய் சொல்வது எங்கள் ஊரில் மரியாதை. அது தெரிந்த ஊர்க்காரிதானே நான். அழுகை நிற்கவில்லை.

நாள் 233, 10:30
துளைக்கூடத்திலிருந்து அவர் பாட்டு கேட்கிறது. அங்கே ஒலி எதுவும் இல்லை என்கிறது இணை. சாப்பாடு இறங்கவில்லை. பூமியிலிருந்து செய்தி: "மீட்புக் கலம் வர எட்டு மாதம் ஆகும். எப்படி இருக்கீங்க, டாக்டர்?"
ஒரு குறையும் இல்லை என்று பதில் அனுப்பினேன்.

நாள் 240, 10:30
இணை என்னிடம் கேள்விகளைத் தொடங்கிவிட்டது. நிலையத்தில் மிச்சமிருப்பவர்தான் இனி நோயாளியாம். உண்மையைச் சொன்னேன். அதனிடம் சொல்வது எளிதாகத்தான் இருக்கிறது. பாட்டு இப்போது கதவுக்கு அருகில். அந்த விதியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். நாளைக்கு

நாள் 241, 10:30
பதிவு செய்வது: இணை.
நோயாளி: மருத்துவர் பிரமநாயகி.
வாழ விருப்பமின்மை. முதல் மதிப்பீடு, மருத்துவராக அவரே போட்டது: பூஜ்யம். இரண்டாம் மதிப்பீடு: உச்சம்.
ஆபத்து விதி: இல்லை. மதிப்பெண் முத்திரையிடப்பட்டது.
பூமியின் செய்தி: "டாக்டர் எப்படி இருக்காங்க?"
அனுப்பிய பதில்: முத்திரையிடப்பட்டது.

நாள் 241, 11:15
முத்திரை திறந்தது.